கொட்டை பொய்த்தால் கரடி மலையிறங்கும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மேற்குக் கோடியில் இருக்கும் அப்பலாச்சிய மலைகளில், அக்டோபர் நடுவில் ஒரு திங்கட்கிழமை கரடி வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வேட்டைக்காரர்கள் மலை ஏறிவிடுகிறார்கள். கையில் துப்பாக்கி இருக்காது; கழுத்தில் தொலைநோக்கி தொங்கும். அவர்கள் அண்ணாந்து பார்ப்பது ஓக் மரங்களின் உச்சிக் கிளைகளை. கொட்டை பிடித்திருக்கிறதா? எந்த வகை ஓக்கில்? எவ்வளவு உயரத்தில், மலையின் எந்தப் பக்கச் சரிவில்? அந்த ஆண்டு வேட்டை எப்படிப் போகும் என்பதற்கான விடையில் பெரும்பகுதி அந்தக் கிளைநுனிகளில் இருக்கிறது.

விஷயம் தெரியாதவரைக் குழப்பக்கூடிய ஓர் உறவு இது. ஓக் மரங்கள் தாராளமாகக் காய்த்த ஆண்டில் கரடிகள் கொழுத்து நன்றாக இருக்கும். ஆனால் பருவத்தின் தொடக்கத்தில் வேட்டையில் விழும் கரடிகள் குறைவு. கொட்டை பொய்த்த ஆண்டில் கரடிகள் பசியோடு அலையும். வேட்டைக் கணக்கு எகிறுவதும் அந்த ஆண்டில்தான். ஆகவே, “சென்ற ஆண்டைவிட அதிகம் சுட்டிருக்கிறார்கள், காட்டில் கரடி பெருகிவிட்டது” என்று ஒருவர் முடிவுகட்டினால், உண்மை அதற்கு நேரெதிராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேட்டையில் விழுந்த கரடிகளின் எண்ணிக்கை, காட்டில் எத்தனை கரடி இருக்கிறது என்பதைக் காட்டுவதற்கு முன்பே மரங்கள் எப்படிக் காய்த்தன என்பதைக் காட்டிவிடுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் அந்த மலைகளின் கரடிகளைக் காப்பாற்றவும் முடியாது, அளவோடு வேட்டையாடவும் முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

கரடியிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டுக் காடுகளில் நாம் அறிந்த கரடி கறையான் புற்றைத் தோண்டி உண்பது. ஆண்டு முழுவதும் நடமாடுவது. அப்பலாச்சியக் கருங்கரடி வேறு இனம், வேறு வாழ்க்கை. குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதங்கள் அது எதையும் உண்பதில்லை, நீர் குடிப்பதில்லை, மலஜலம் கழிப்பதில்லை. இதயத் துடிப்பு பெரிதும் குறைந்து, உடல் வெப்பம் சில பாகைகள் மட்டும் இறங்கி, தன் கொழுப்பையே எரித்துக்கொண்டு கிடக்கிறது. இதே அப்பலாச்சியத் தொடரின் ஸ்மோக்கி மலைகளில் பல கரடிகள் இதற்குத் தேர்ந்தெடுப்பது தரையிலிருந்து வெகு உயரத்தில், முதிய மரங்களின் பொந்துகளை. அந்த மாதங்களுக்கான கையிருப்பு முழுவதையும் இலையுதிர் காலத்தில் சேர்த்தாக வேண்டும். செப்டம்பர் தொடங்கி உடலின் கட்டளையே மாறிவிடுகிறது: ஒரு நாளில் 20 மணி நேரம் வரை மேய்ச்சல், 20,000 கலோரி வரை உணவு. கோடையில் சராசரியாக 110 கிலோ இருக்கும் ஆண் கரடியும், 50 கிலோ சொச்சம் இருக்கும் பெண் கரடியும் இலையுதிர் காலத்தின் முடிவில் ஏறத்தாழ இரு மடங்கு எடையை எட்டிவிடக்கூடும்.

இவ்வளவு கலோரியைப் பெர்ரிப் பழங்களிலிருந்து திரட்டுவது கடினம். கோடையில் கரடி உண்ணும் பிளாக்பெர்ரி, ஹக்கிள்பெர்ரி, காட்டுச் செர்ரி எல்லாம் சர்க்கரையும் நீரும். கொழுப்பு ஏற வேண்டுமென்றால் கொட்டை வேண்டும். அந்த மலைகளில் கொட்டை என்றால் முதன்மையாக ஓக் கொட்டை. ஹிக்கரியும் பீச்சும் உண்டு. ஆனால் பரப்பிலும் அளவிலும் ஓக்குக்கு ஈடில்லை. கொட்டை தரையில் விழும்வரை கரடி காத்திருப்பதும் இல்லை. மரத்தில் ஏறி, கிளைகளைத் தன் பக்கம் வளைத்து ஒடித்து, உட்கார்ந்த இடத்திலேயே தின்கிறது. ஒடிந்த கிளைகள் உச்சியில் கூடுபோலக் குவிந்து கிடப்பதும், பட்டையில் புதிய நகக்கீறல்கள் தெரிவதும் வேட்டைக்காரர் தேடும் முதல் தடயங்கள்.

கொழுப்பின் கதை உயிர் தப்புவதோடு முடிவதில்லை. கருங்கரடிகள் இணை சேர்வது கோடையில், ஜூன் ஜூலையில். கருவுற்ற முட்டை சற்றே வளர்ந்து, பின் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு கருப்பையில் மிதந்தபடி இருக்கிறது. நவம்பர், டிசம்பர் வாக்கில்தான் அது கருப்பைச் சுவரில் பதிகிறது. அதற்குள் தாயின் உடலில் போதிய கொழுப்பு சேர்ந்திருக்கவில்லை என்றால் கரு பதிவதே இல்லை; உடல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. சேர்ந்திருந்தால் ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரியில், பொந்தின் இருளில், கால் கிலோகூட இல்லாத குட்டிகள் பிறக்கின்றன. பால் கொடுப்பதும் அதே கொழுப்பிலிருந்துதான். ஆக, ஒரு பெண் கரடி அந்தக் குளிர்காலத்தில் தாயாவாளா என்பதைத் தீர்மானிப்பது அக்டோபரில் ஓக் கிளைகளில் தொங்கியது என்ன என்பதே. பாலூட்டிகளின் உலகில் தாவரத்தோடு இவ்வளவு நேரடியாகக் கட்டுண்ட கருத்தரிப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் ஓக் மரம் ஆண்டுதோறும் ஒரே மாதிரி காய்க்கும் மரமல்ல. நம் மாமரம் ஓராண்டு கிளை தாழக் காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுப்பதைப் பார்த்திருக்கிறோம். ஓக்கின் ஏற்ற இறக்கம் அதைவிடக் கடுமையானது, முன்கூட்டிச் சொல்லவும் முடியாதது. ஓராண்டு மலையே கொட்டையால் மூடிக்கிடக்கும். மறு ஆண்டு பல கிலோமீட்டர் நடந்தாலும் ஒரு கைப்பிடி தேறாது. ஒரு மரம் தனியாக இப்படிச் செய்வதில்லை. பரந்த நிலப்பரப்பில், சில சமயம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு, ஒரே இன மரங்கள் சேர்ந்து காய்த்து, சேர்ந்து ஓய்கின்றன.

இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, விதை தின்னிகளைத் திணறடிப்பது. அணில், மான், வான்கோழி, ஜே பறவை, கொட்டைக்குள் முட்டையிடும் கூன்வண்டு, கரடி என்று ஓக் கொட்டைக்கு எதிரிகள் ஏராளம். ஆண்டுதோறும் மிதமாகக் காய்த்தால் அத்தனையையும் அவை தின்று தீர்த்துவிடும். சில ஆண்டுகள் பட்டினி போட்டு அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, பிறகு ஓராண்டு தின்றாலும் தீராத அளவுக்குக் கொட்டினால், மிச்சம் முளைக்கும். மற்றொன்று, மகரந்தம். ஓக் காற்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் மரம். எல்லா மரங்களும் ஒரே சமயம் பூத்தால்தான் வீணாவது குறையும். இந்த இரண்டோடு வசந்தகால வானிலையும் சேர்ந்துகொள்கிறது. பூக்கும் நேரத்தில் பனி உறைந்தால் பூ கருகும்; தொடர்ந்து மழை பெய்தால் மகரந்தம் பறக்காது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேட்டைக்கும் கரடிக்கும் அது மிக முக்கியம். அந்த மலைகளின் ஓக்குகள் இரண்டு குழுக்களாகப் பிரிகின்றன. வெள்ளை ஓக், செஸ்ட்நட் ஓக் போன்றவை வெள்ளைக் குழு. இவை வசந்தத்தில் பூத்து அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் கொட்டையை முதிர்விக்கின்றன. வடக்குச் சிவப்பு ஓக், கருப்பு ஓக், செந்நிற ஓக் ஆகியவை சிவப்புக் குழு. இவற்றின் கொட்டை முதிர இரண்டு ஆண்டுகளின் வளர்பருவம் தேவை. இந்த வசந்தத்தில் பூத்தது அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் விழும். வெள்ளைக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, விலங்குகள் முதலில் நாடுவது அதையே. சிவப்புக் கொட்டையில் துவர்ப்பு மிகுதி, ஆனால் கொழுப்பும் மிகுதி. வெள்ளைக் கொட்டை விழுந்தவுடனேயே முளைவிடத் தொடங்கும். சிவப்பு அடுத்த வசந்தம்வரை உறங்கும். சாம்பல் நிற அணிலுக்கு இந்த வேறுபாடு தெரியும். வெள்ளைக் கொட்டையைப் புதைப்பதற்கு முன் அதன் முளைக்கருவைக் கடித்து எடுத்துவிடுகிறது.

2007 ஏப்ரலில், மார்ச் மாத வெப்பத்தில் மரங்கள் முன்கூட்டியே துளிர்த்திருந்த நேரத்தில், அமெரிக்காவின் தென்கிழக்கு முழுவதும் கடும் உறைபனி விழுந்தது. புதுத் தளிரும் பூவும் கருகின. இப்படி ஒரு பனி விழும்போது வெள்ளைக் குழுவுக்கு அடி அதே ஆண்டில் தெரியும். சிவப்புக் குழுவுக்கு அடுத்த ஆண்டில்தான் தெரியும். அந்த ஆண்டுக்கான சிவப்புக் கொட்டைகள் முந்தைய ஆண்டே கருக்கொண்டவை என்பதால், அவற்றில் ஒரு பகுதியேனும் தப்பிவிட வாய்ப்பு உண்டு. ஒரு குழு பொய்த்தால் மற்றொரு குழு தாங்கும். இரண்டும் சேர்ந்து பொய்க்கும் ஆண்டுதான் கரடியைப் பெயர்த்தெடுக்கிறது.

ஒரு காலத்தில் இந்த ஊசலாட்டத்தைத் தாங்கிப் பிடிக்க வேறொரு மரம் இருந்தது. அமெரிக்கச் செஸ்ட்நட். அப்பலாச்சியாவின் சில பகுதிகளில் நான்கு மரங்களுக்கு ஒன்று செஸ்ட்நட்டாக இருந்தது என்பார்கள். ஜூன் ஜூலையில், உறைபனியின் ஆபத்து நீங்கிய பிறகே அது பூத்தது; எனவே ஏறக்குறைய ஆண்டுதோறும் நிச்சயமாகக் காய்த்தது. 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்கியல் பூங்காவில் சில செஸ்ட்நட் மரங்கள் காய்வதைக் கண்டார்கள். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை அதற்குக் காரணம். பட்டையின் வெடிப்பில் நுழைந்து மரத்தைச் சுற்றிவளைத்துக் கொன்றது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் சுமார் 400 கோடி மரங்கள் அழிந்துவிட்டன. வேர்களிலிருந்து இன்றும் கன்றுகள் துளிர்க்கின்றன. பெரும்பாலானவை காய்க்கும் வயதை எட்டுவதற்குள் அதே பூஞ்சை அவற்றையும் பிடித்துவிடுகிறது. நிச்சயமான உணவின் மீது நின்ற கரடியின் வாழ்க்கை, ஐம்பது ஆண்டுகளுக்குள் நிச்சயமற்ற ஓக்கின் மீது தூக்கி வைக்கப்பட்டது. இன்று நாம் பேசும் வேட்டை ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் அந்த மரத்தின் சாவு இருக்கிறது. போதாக்குறைக்கு, 1912இல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் என்ற மலையுச்சியில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து அடைத்தார்கள். அவை வேலியை உடைத்துத் தப்பி, 1940களின் இறுதியில் ஸ்மோக்கி மலைப் பூங்காவையும் எட்டின. அவற்றுக்கும் ஓக் கொட்டைதான் இலையுதிர்கால விருந்து.

இனி வேட்டைக்கு வருவோம். அந்த மலைகளில் கரடி வேட்டை என்றால் பெரும்பாலும் நாய் வேட்டை. பிளாட் ஹவுண்ட் என்ற நாயினம் இதற்காகவே வளர்ந்தது; 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பேணிய இனம். 1989இல் வட கரோலினா அதைத் தன் மாநில நாயாக அறிவித்தது. விடியற்காலையில் வண்டியின் முன்மூடி மேல் பலகை அமைத்து, மோப்பத்தில் தேர்ந்த ஒரு நாயை அதில் நிறுத்தி, காட்டுப் பாதையில் மெதுவாக ஓட்டிப் போகிறார்கள். இரவில் கரடி பாதையைக் கடந்திருந்தால் அந்த நாய் குரைக்கும். உடனே மற்ற நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். சிலர் மலையிடுக்குகளில், கரடி கடந்துபோகக்கூடிய இடங்களில் காத்து நிற்பார்கள். நாய்கள் கரடியை ஒரு மரத்தில் ஏற்றும்வரை துரத்தல் தொடரும்.

இந்த முறையில் எல்லாமே ஒரு நிகழ்வில் தொங்கிக்கொண்டிருக்கிறது: கரடி பாதையைக் கடந்தாக வேண்டும். கடக்காத கரடியை நாய் அறியாது.

கொட்டை நிறைந்த ஆண்டில் கரடி ஏன் கடக்க வேண்டும்? உயரமான ஒரு மலைமுகட்டில் நல்ல ஓக் தோப்பு கிடைத்துவிட்டால், ரோடோடெண்ட்ரான் புதரும் மலை லாரல் புதரும் அடர்ந்த சரிவில் படுத்துறங்கி, எழுந்து தின்று, மீண்டும் படுத்துக்கொள்ளலாம். அதன் நாளாந்த நடமாட்டம் சுருங்கிவிடுகிறது. சாலைக்கு வெகு தொலைவில், நடந்து மட்டுமே போகக்கூடிய இடத்தில் இருக்கிறது. பாதை நெடுக வண்டி ஓட்டினாலும் நாய் வாய் திறக்காது. அதுவே பொய்த்த ஆண்டில், வழக்கமான மரங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த முகட்டுக்கு, அதையும் தாண்டிப் பள்ளத்தாக்குக்கு, அங்கிருந்து ஆப்பிள் தோட்டத்துக்கும் சோளக் காட்டுக்கும் தேன் பெட்டிக்கும் என்று கரடி பல பத்து கிலோமீட்டர் அலையும். ஒவ்வொரு இரவும் பல பாதைகளைக் கடக்கும். வேட்டைக்காரர் திறமை கூடிவிடவில்லை. கரடி தானே வந்து அகப்படுகிறது. அந்த ஆண்டில் வேட்டைக்காரர் மட்டும் அல்ல, சாலை வண்டிகளும் அதிகம் கொல்கின்றன. மேற்கு வர்ஜீனியாவைப் பற்றி 2007இல் வெளியான ஓர் ஆய்வு, வேட்டையல்லாத காரணங்களால் இறக்கும் கரடிகளின் எண்ணிக்கையும் கொட்டை விளைச்சலோடு பிணைந்திருப்பதைக் காட்டியது.

கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவின் எல்லையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வட கரோலினாவுக்கும் டென்னசிக்கும் நடுவே சுமார் 2,100 சதுர கிலோமீட்டர் பரந்த அந்தப் பூங்காவில் ஏறத்தாழ 1,900 கருங்கரடிகள் வாழ்கின்றன. உள்ளே வேட்டைக்கு அனுமதி இல்லை. எல்லைக்கு வெளியே உள்ள தேசியக் காடுகளில் பருவத்தில் அனுமதி உண்டு. கொட்டை விளைந்த ஆண்டில் பூங்காக் கரடிகள் உள்ளேயே இருந்துவிடும். பொய்த்த ஆண்டில் அவை எல்லையைக் கடக்கும். கரடிக்கு எல்லைக்கல் தெரியாது. டென்னசி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெல்டனும் அவருடைய மாணவர்களும் 1960களின் இறுதியில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்தக் கரடிகளைப் பின்தொடர்ந்தார்கள். கொட்டை விளைச்சலை ஒதுக்கிவிட்டு இந்தக் கரடிகளின் பிறப்பு, இறப்பு, அலைச்சல் எதையும் விளக்க முடியாது என்பது இன்று அங்கே பணிபுரிபவர்களுக்கு அடிப்படைப் பாடம்.

வட கரோலினா 1971இல் கரடிச் சரணாலயங்களை அமைத்ததன் கணக்கும் இதோடு தொடர்புடையது. பெண் கரடியின் உலாவிடம் சிறியது. ஒரு சரணாலயத்துக்குள்ளேயே அதன் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆண் பரவலாக அலைந்து வெளியே வரும், வேட்டையில் விழும். தாய்கள் உள்ளே பத்திரமாக இருக்க, அவர்கள் ஈன்ற குட்டிகள் வளர்ந்து வெளியே பரவும். நல்ல ஏற்பாடு, அதன் பலனாகவும்தான் அந்த மலைகளில் கரடி மீண்டது. ஆனால் இரண்டு குழு ஓக்கும் பொய்த்த ஆண்டில் தாயும் வெளியே வருகிறாள். அங்கேதான் ஆபத்து. மின்னசோட்டா மாநிலத்தில், வேறு வகைக் காட்டில், இரை வைத்து வேட்டையாடும் முறையில், கேரன் நாய்ஸும் டேவிட் கார்ஷலிசும் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு இதே திசையைக் காட்டியது. காட்டில் உணவு குறைந்த ஆண்டில் வேட்டை எண்ணிக்கை கூடியது. அதில் பெண் கரடிகளின் பங்கும் கூடியது. முறை எதுவானாலும் பசி ஒன்றே.

இதுவரை சொன்னதைக் கேட்டு, காய்ப்பு கூடினால் வேட்டை குறையும் என்று ஒரே கோடாக இழுத்துவிடக் கூடாது. இரண்டு திருப்பங்கள் இருக்கின்றன.

முதலாவது, திட்டுத் திட்டான காய்ப்பு. பல ஆண்டுகள் முழு விளைச்சலும் அல்ல, முழுப் பொய்ப்பும் அல்ல. வெள்ளை ஓக் பொய்த்து, உயரமான முகடுகளில் சிவப்பு ஓக் மட்டும் காய்த்திருக்கும். அல்லது ஒரு பக்கச் சரிவில் மட்டும் பனியிலிருந்து பூக்கள் தப்பியிருக்கும். அப்போது கரடிகள் அந்தத் திட்டுகளில் வந்து குவியும். நாயில்லாமல் தனியாக, காலடி ஓசை எழாமல் நடந்து வேட்டையாடுபவருக்கு இதுவே சிறந்த ஆண்டு. ஆனால் அந்தத் திட்டை அவர் முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்க வேண்டும். செப்டம்பரில் தொலைநோக்கியோடு ஏறியவர் கரடியைக் காண்பார். சென்ற ஆண்டு கண்ட இடத்திலேயே போய் உட்கார்ந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் இனம் பிரித்துக் கேட்பது இதனால்தான். “கொட்டை இருக்கிறதா” என்று கேட்டு நிறுத்தமாட்டார்கள். எந்தக் கொட்டை, எந்த உயரம் என்றும் கேட்பார்கள்.

இரண்டாவது, காலம். பொய்த்த ஆண்டில் இனி அலைந்து செலவழிப்பதைவிடப் படுத்துவிடுவது மேல் என்று கரடிகள் முன்னதாகவே உறக்கத்துக்குப் போய்விடுகின்றன. கருவுற்ற பெண்கள் எல்லோருக்கும் முன்னால். நிறைந்த ஆண்டில் டிசம்பரிலும் தரையில் கொட்டை கிடக்கும், கரடிகள் விழித்துத் திரியும். ஆகவே அக்டோபர் வேட்டைக்குக் கெடுதலான ஆண்டு டிசம்பர் வேட்டைக்கு நல்லதாகிவிடுகிறது. மேற்கு வர்ஜீனியாவில் இந்தத் தலைகீழ் மாற்றம் தெளிவாகத் தெரியும்: கொட்டை குறைந்த ஆண்டில் முற்பகுதி வில் வேட்டையில் கரடி அதிகம் விழும், கொட்டை மிகுந்த ஆண்டில் டிசம்பர் துப்பாக்கி வேட்டை சூடுபிடிக்கும். வேட்டைப் பருவத்தை எந்த மாதத்தில் வைப்பது என்ற முடிவு, எந்தக் கரடி சாக வேண்டும் என்ற முடிவும்தான். பருவத்தைப் பிற்பகுதிக்குத் தள்ளினால் கருவுற்ற தாய்கள் அதற்குள் பொந்துக்குள் போயிருப்பார்கள். சட்டப் புத்தகத்தில் ஒரு தேதியை நகர்த்துவது இத்தனை உயிர்களைக் காக்கும் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அப்படியென்றால் காய்ப்பை அளப்பது யார், எப்படி? வட கரோலினாவின் வனவிலங்கு ஆணையமும் கூட்டாளிகளும் 1983 முதல் மேற்கு மலைகளில் ஆண்டுதோறும் கொட்டைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பழைய முறையில் ஒருவர் மரத்தடியில் நின்று, உச்சியில் எத்தனை பங்கில் கொட்டை இருக்கிறது, கிளைநுனிகளில் எத்தனை பங்கு காய்த்திருக்கிறது, ஒரு நுனியில் சராசரி எத்தனை என்று மதிப்பிட்டு எண்ணாக்க வேண்டும். 0 முதல் 8 வரை அளவுகோல். 2 வரை மோசம், 6க்கு மேல் மிகச் சிறப்பு. நேரம் பிடிக்கும் வேலை. ஆளுக்கு ஆள் மதிப்பீடும் மாறும். 2007இல் காத்ரின் கிரீன்பெர்க், கோர்டன் வார்பர்ட்டன் இருவரும் எளிய மாற்று ஒன்றை முன்வைத்தார்கள். கிரீன்பெர்க், ஆஷ்வில் நகருக்கு அருகிலுள்ள பென்ட் கிரீக் சோதனைக் காட்டின் ஆய்வாளர். வார்பர்ட்டன் மாநில வனவிலங்கு ஆணையத்தைச் சேர்ந்தவர். ஒவ்வொரு மரத்திலும் கொட்டை இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் குறித்தால் போதும். எத்தனை சதவீத மரங்கள் காய்த்திருக்கின்றன என்பதிலிருந்தே மொத்த விளைச்சலை நம்பகமாகக் கணிக்க முடியும் என்று பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். காரணம் எளிது. நல்ல ஆண்டில் அதிக மரங்கள் காய்க்கின்றன, ஒவ்வொன்றும் அதிகமாகவும் காய்க்கிறது. இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. அறிவியலில் இத்தகைய எளிமையை அடைவது பெரிய சாதனை. ஒரு தொலைநோக்கியும் ஒரு தாளும் இருந்தால் ஒரு மலையின் குளிர்காலத்தை முன்கூட்டி அறியலாம்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு வேட்டைக் கணக்கைப் படிக்கும்போதுதான் அதற்குப் பொருள் கிடைக்கிறது. ஒரு பொய்த்த ஆண்டை எடுத்துக்கொள்வோம். அக்டோபரில் வழக்கத்தைவிட அதிகம் சுடப்படுகின்றன, பெண்களும் சேர்ந்து. அதே குளிர்காலத்தில், தப்பிய பெண்களில் பலருக்குக் கரு பதிவதில்லை. சாவு கூடுவதும் பிறப்பு குறைவதும் ஒரே காரணத்தால் ஒரே ஆண்டில் நிகழ்கின்றன. இரட்டை அடி. கருங்கரடி வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். ஆனால் அந்த ஆண்டில் குட்டியில்லாமல் போன தாய்கள் எல்லோரும் அடுத்த கோடையில் ஒன்றாக இணை சேரத் தயாராக இருப்பார்கள். அந்த இலையுதிர் காலத்தில் கொட்டை விளைந்தால் பெரும் குட்டிப் பட்டாளம் பிறக்கும். அவை வளர்ந்து, இளம் ஆண்கள் தாயின் பகுதியை விட்டு வெளியேறி அலையும்போது, மீண்டும் வேட்டைக் கணக்கு உயரும். ஓராண்டின் பனி இப்படி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு எண்களில் அலையடித்துக்கொண்டிருக்கும்.

இதைப் பிரித்தறிய அதிகாரிகளுக்குப் பற்கள் உதவுகின்றன. கரடியைச் சுட்டவர் கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள சிறு முன்கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி அனுப்ப வேண்டும். அதை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ஆண்டு வளையங்கள் தெரியும், எண்ணினால் வயது. பெண் கரடியின் பல்லில் இன்னொன்றும் தெரியும். குட்டி வளர்த்த ஆண்டுகளின் வளையம் மெலிந்து இருக்கும், ஏனென்றால் உடலின் சுண்ணம் பாலுக்குப் போய்விட்டது. ஒரு பல்லில் ஒரு தாயின் பிரசவ வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான பற்களின் வயதையும் அந்தந்த ஆண்டின் கொட்டை எண்ணையும் அடுக்கிப் பார்த்தால், வேட்டை எண்ணிக்கையின் ஏற்றத்தில் எவ்வளவு பசியால், எவ்வளவு பெருக்கத்தால் என்று பிரிக்க முடிகிறது.

குட்டிகளோடு இருக்கும் தாயையும், 34 கிலோவுக்குக் குறைவான கரடியையும் சுடக் கூடாது என்பது வட கரோலினாவின் சட்டம். நல்ல சட்டம். ஆனால் பொய்த்த ஆண்டில் வெளியே வரும் கருவுற்ற பெண்ணோடு குட்டி இருக்காது. சட்டம் அவளைத் தாயாக அடையாளம் காணாது. கொட்டைக் கணக்கெடுப்பின் முடிவு பருவத்துக்கு முன்பே கையில் இருக்கிறது. மிக மோசமான ஆண்டுகளில் மட்டுமேனும், முற்பகுதிப் பருவத்தைச் சில நாட்கள் சுருக்கலாம் என்பது என் கருத்து. வேட்டைக்காரர்களில் பலரே இதை ஏற்பார்கள் என்று நம்புகிறேன். அந்த மலைகளைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள் அவர்கள்.

இந்தப் பிணைப்பு தளரும் இடமும் ஒன்று உண்டு. ஆஷ்வில் நகரின் வீட்டுத் தோட்டங்களில் இப்போது கரடிகள் வாழ்கின்றன. குப்பைத் தொட்டி, பறவைகளுக்கு வைக்கும் விதை, நாய்க்கு வைக்கும் தீனி என்று பொய்க்காத விளைச்சல் அங்கே கிடைக்கிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 2014இல் தொடங்கிய ஆய்வில், நகரின் ஒரு வயதுப் பெண் கரடிகள் காட்டில் உள்ளவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு எடை இருப்பதையும், சில இரண்டு வயதிலேயே குட்டி ஈன்றதையும் கண்டார்கள். ஓக் பொய்த்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. மலைக் காட்டின் கரடிகளுக்கு அந்த வசதி இல்லை, இருக்கவும் வேண்டாம். குப்பைக்குப் பழகிய கரடிகளில் பல, சாலையிலோ மனிதரின் அச்சத்திலோ சாகின்றன.

காட்டுக்கரடியின் எதிர்காலம் ஓக்கின் எதிர்காலமே. அதில் கவலைக்கு இடமிருக்கிறது. ஒரு வெள்ளை ஓக் தாராளமாகக் காய்க்க சுமார் 50 ஆண்டுகள் ஆகும். இன்று காய்த்துக்கொண்டிருக்கும் மரங்களில் பெரும்பகுதி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு வெட்டப்பட்ட பின் எழுந்தவை. முதுமையை நோக்கிப் போகின்றன. அவற்றின் நிழலில் எழுவது ஓக் கன்று அல்ல. நிழலில் சலிக்காமல் வளரும் சிவப்பு மேப்பிளும், வெளிச்சம் கிடைத்த இடத்தில் விரைந்து ஏறும் டியூலிப் மரமும். ஓக் கன்றுக்கு வெளிச்சம் வேண்டும். முற்காலத்தில் அவ்வப்போது தரையோடு ஓடிய சிறு தீ அதற்கு இடம் கொடுத்தது. மேப்பிள் கன்று அத்தீயில் மடியும். ஓக் கன்று கருகினாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஒரு நூற்றாண்டாகத் தீயை முழுவதும் அடக்கி வைத்ததில் அந்த ஒழுங்கு குலைந்தது. பிஸ்கா, நான்டஹாலா தேசியக் காடுகளில் இப்போது திட்டமிட்டுச் சிறு தீ வைக்கிறார்கள், சில இடங்களில் மரங்களைக் கழித்து வெளிச்சம் விடுகிறார்கள். ஒருமுறை எரித்தால் போதாது. சில ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த ஆண்டு வெளிச்சம் பெறும் வெள்ளை ஓக் கன்று நல்ல காய்ப்புக்கு வரும்போது 2070களாகியிருக்கும்.